முகம் காட்டாமல் எலக்ட்ரானிக் இசை வெளியிட்டால் கேட்பவர்கள் சும்மா விடுவார்களா?

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, ராத்திரி ரூமில் உட்கார்ந்து ஆம்பியன்ட் (மெதுவாகப் பரவும் சூழல் இசை), பிரேக்கோர் (வேகமாக வெட்டிய டிரம் இசை) மாதிரி டிராக் செய்கிறேன். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் தளத்தில் போட ஆசை. ஆனால் சொந்தப் பெயர், போட்டோ எதுவும் வேண்டாம். இந்த வட்டத்தில் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஏன்? கேட்பவர்கள் தோண்டிக் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? முகமே தெரியாத ஆளை யார் மதிப்பார்கள்?"

தாராளமாகப் போடுங்கள் தம்பி. தோண்டினால் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் தோண்ட மாட்டார்கள். இந்த வட்டத்தில் ஒரு ரகசியம் பல வருடம் நிற்கிறதென்றால் அதில் கலைஞரின் சாமர்த்தியம் பாதிதான். மீதிப் பாதி, தெரிந்தும் வாயைத் திறக்காத கேட்பவர்களுடையது. உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் பதில் இதைச் சுற்றித்தான் இருக்கிறது.

லண்டன்காரர் பெரியல் கதையைப் பாருங்கள். 2006இல் ஹைப்பர்டப் என்ற சின்ன லேபிளில் முதல் ஆல்பம், 2007இல் 'அன்ட்ரூ' என்ற இரண்டாவது ஆல்பம். மழை இரைச்சல், ரெக்கார்டு உரசும் சத்தம், எங்கிருந்தோ கசிந்துவரும் பெண் குரல் என்று அந்த இரண்டாவது ஆல்பம் இன்றும் பலருக்கு வேதம். ஆள் யார் என்று மட்டும் தெரியாது. டப்ஸ்டெப் என்ற அந்த வகை இசையைக் கேட்கும் சின்னக் கூட்டத்துக்கு அது பெரிய விஷயமாகவும் இல்லை. 2008இல் அந்த ஆல்பம் பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதுப் பட்டியலில் வந்ததும் நிலைமை மாறியது. ஏற்கெனவே ஒரு நாளிதழ் அவர் பெயரை எழுதியிருந்தது. இப்போது ஒரு டேப்லாய்டு பத்திரிகை ஆளைக் கண்டுபிடிக்கக் கிளம்பியது. ஏற்கெனவே புகழ்பெற்ற ஏஃபெக்ஸ் ட்வினா, ஃபேட்பாய் ஸ்லிம்மா என்று ஊகம் வேறு. கடைசியில் அந்த ஆகஸ்டில் அவரே மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு போட்டோவைப் போட்டு, தன் பெயர் வில் பெவன், அமைதியாக இருக்க விரும்புகிற ஆள் என்று எழுதி முடித்துக்கொண்டார்.

துரத்தியது யார் என்று கவனியுங்கள். இரண்டு வருடமாக அவர் இசையோடு வாழ்ந்தவர்கள் துரத்தவில்லை. விருதுப் பட்டியல் வந்த பிறகு எட்டிப் பார்த்தவர்கள்தான் துரத்தினார்கள். பெயர் தெரிந்த பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அவர் மேடைக்கு வரவில்லை, பேட்டிகளில் மூழ்கவில்லை, டிராக்குகள் மட்டும் அவ்வப்போது வருகின்றன. முகம் இப்போது எல்லோருக்கும் கிடைக்கும். ஆனால் 'அன்ட்ரூ' கேட்கும்போது அந்த போட்டோ எனக்கு ஒருமுறைகூட ஞாபகம் வந்ததில்லை.

ஏன் மறைகிறார்கள் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. இணையத்துக்கு முன்பே பிரிட்டனில் வெறும் வெள்ளைக் காகிதம் ஒட்டிய வைட் லேபிள் ரெக்கார்டுகள் டிஜேக்களிடம் சுற்றின. யார் செய்தது என்று தெரியாமலே ஆடினார்கள். அதில் கொஞ்சம் வியாபாரத் தந்திரமும் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்டில் அது அரசியலாகவே இருந்தது. அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ குழுவின் ஆட்கள் முகத்தை மறைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது: கறுப்பின இளைஞனின் முகத்தை வைத்து என்ன விற்கலாம் என்று பார்க்கும் தொழிலுக்கு அந்த முகத்தையே தரக் கூடாது.

அதே ஊரின் ட்ரெக்ஸியா என்ற இருவர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1992இலிருந்து எலக்ட்ரோ ரெக்கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. யார் செய்கிறார்கள் என்ற தகவல் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு புராணம் இருந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் கற்று, அங்கே ஒரு நாட்டையே உருவாக்கினார்கள் என்று 1997இல் வந்த தொகுப்பின் குறிப்பில் எழுதினார்கள். பெயரையும் போட்டிருந்தால் இந்தக் கதைக்கு இன்னும் உயிர் வந்திருக்கும் என்று தோன்றலாம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். அங்கே இரண்டு பேரின் போட்டோ இருந்திருந்தால் கதை ஆல்பம் அட்டையோடு நின்றிருக்கும். ஆள் இல்லாததால் கேட்டவர்கள் கதைக்குள் போனார்கள். ஜேம்ஸ் ஸ்டின்சன் 2002இல் இறந்த பிறகுதான் அவர் பெயரையும் கூட்டாளி ஜெரால்ட் டொனால்டின் பெயரையும் பரவலாகப் பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கு ஓவியர்களும் நாவலாசிரியர்களும் அந்தக் கடலடி நாட்டை எடுத்து மேலே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய பாட்டுகளை மெதுவாக்கி வெட்டி ஒட்டும் வேப்பர்வேவ்காரர்களுக்கு அவ்வளவு பெரிய காரணம் தேவைப்படவில்லை. அவர்கள் எடுத்துப் பயன்படுத்திய சாம்பிளுக்கு, அதாவது பிறர் பாட்டுத் துண்டுக்கு, யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, அவ்வளவுதான். 2011 டிசம்பரில் மேக்கிண்டாஷ் ப்ளஸ் என்ற பெயரில் வந்த 'ஃப்ளோரல் ஷாப்' ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்த டிராக், டயானா ராஸின் 1984 பாட்டு ஒன்றை இழுத்து மெதுவாக்கி வெட்டி ஒட்டியது. அதைச் செய்தவர் அதே காலத்தில் லேசர்டிஸ்க் விஷன்ஸ், நியூ ட்ரீம்ஸ் லிமிடெட் என்று இன்னும் பல பெயர்களில் ஆல்பங்களை இறக்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கு இது ஏதோ ஒரு ஊரே சேர்ந்து செய்கிற இசை மாதிரி இருந்தது. இருந்தது ஒரே ஆள். ஆனால் அந்த மயக்கத்தை நம்பி அடுத்த ஓரிரு வருடத்தில் நிஜமாகவே ஒரு ஊர் கூடிவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் ஒருவர் வாசிக்கிறார் என்றால் முதல் கேள்வி "யார்கிட்ட கத்துக்கிட்டது?" மார்கழி சீசன் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள், கலைஞரைப் பற்றிய குறிப்பு குருவின் பெயரில்தான் ஆரம்பிக்கும். கர்நாடக இசைக்கு அது நியாயமான கேள்விதான். பாணியும் பாடாந்தரமும் அங்கே குரு வழியாகத்தான் வருகின்றன. சினிமா பக்கம் போனால் "எந்தப் படம்?" கானா என்றால் "எந்த ஏரியா?" இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத இசையை எங்கே வைத்துக் கேட்பது என்று நம் காதுக்கு இன்னும் பழகவில்லை. அதோடு, பெயரைக் கேட்டதும் மதம், அப்பா பெயர், சொந்த ஊர், அங்கிருந்து சாதி வரை மனக்கணக்கு போட்டு முடித்துவிடுகிற பழக்கம் வேறு. அப்படிப்பட்ட இடத்தில் கீபோர்டில் கை போன போக்கில் தட்டியது மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு வந்து நிற்கும் ஆளை யாரும் எந்தப் பெட்டிக்குள்ளும் போட முடியாது. இங்கே அது சின்ன விடுதலை இல்லை. பெண் பெயரில் டிராக் போட்டால் வரும் தொல்லையும் உண்டு. நான் வடபழனியில் டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் வேலை பார்ப்பவள். "நல்லா இருக்கே, மிக்ஸிங் யார் பண்ணாங்க?" என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை.

இன்னும் சாதாரணக் காரணங்களும் இருக்கின்றன. ஓ.எம்.ஆர். பக்கம் ஐடி வேலையில் இருப்பவரின் ஒப்பந்தத்தில் வெளி வருமானம் கூடாது என்ற வரி இருக்கும். 2022இல் மூன்லைட்டிங் (வேலையில் இருந்துகொண்டே வெளி வேலையும் பார்ப்பது) சண்டை பெரிதானபோது பேண்ட்கேம்ப் பக்கத்திலிருந்து போட்டோவை எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில் யாராவது கூகுளில் தேடி, பதினான்கு நிமிடம் ஓடும் இரைச்சல் டிராக்கைக் கேட்டு வைப்பார்களோ என்று பயந்த ஒருவரும் உண்டு. அந்த பயம் நியாயமானதுதான், டிராக் அப்படி.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை இந்தியாவிலேயே நடந்தது. சரண்ஜித் சிங் மும்பை சினிமா ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982இல் ரோலண்ட் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 ஆகிய சின்தசைசர், டிரம் மெஷின்களை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. ரெக்கார்டு பதிவு செய்தார். அட்டையில் சொந்தப் பெயர். யாரும் சீந்தவில்லை. 2010இல் ஹாலந்திலிருந்து மறுபதிப்பு வந்ததும் உலகம் அதிர்ந்தது, ஏனென்றால் அது ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை மாதிரியே இருந்தது. அந்த வகையின் தொடக்கம் என்று சொல்லப்படும் சிகாகோ ரெக்கார்டு 1987இல்தான் வருகிறது. இது ஏஃபெக்ஸ் ட்வின் மாதிரி யாரோ ஒரு ஐரோப்பியக் குறும்புக்காரர் பொய்ப் பெயரில் செய்த வேலை என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். நிஜப் பெயரும் நிஜ ஊரும் போட்டு, உயிரோடு மும்பையில் இருந்த மனிதரையே கட்டுக்கதை என்றார்கள். பிறகு அவர் வெளிநாடுகளுக்குப் போய் அந்த ராகங்களை மேடையில் வாசித்தார், 2015இல் காலமானார். இந்தக் கேட்பவர் கூட்டத்துக்கு இப்படியும் ஒரு பழக்கம்: முகமூடிகளைப் பார்த்துப் பழகியதால் சில சமயம் முகத்தையே நம்ப மாட்டார்கள்.

இப்போது தோண்டுபவர்கள் பற்றி. தோண்டுவதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2015 ஜனவரியில் பெயருக்குப் பதில் 'யூசர்' என்ற சொல்லும் எண்களும் மட்டுமே கொண்ட ஒரு கணக்கில், சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில், டிராக்குகள் கொட்ட ஆரம்பித்தன, நூற்றுக்கும் மேல். கேட்டவர்கள் டிரம் சத்தத்தையும் சிந்த் டோனையும் வைத்தே இது ஏஃபெக்ஸ் ட்வின்தான் என்றார்கள். பிறகு அந்தக் கணக்கு 18081971 என்ற எண்ணோடு நின்றது. அவருடைய பிறந்த தேதி. அது விளையாட்டு. போடுபவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். காதை வைத்துத்தான் துப்பு துலக்க வேண்டும். டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு பட்டியல் தளத்தில் உட்கார்ந்து எந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பெயர் என்று வருடக்கணக்கில் பதிவு செய்கிறவர்களையும் நான் இந்தப் பக்கத்தில்தான் சேர்ப்பேன். இன்னொரு வகை, டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, பழைய ஈமெயில் எது, எந்தக் கல்லூரி என்று போவது. அது இசை கேட்பதோடு சம்பந்தப்பட்ட வேலையே இல்லை. வட்டத்துக்குள் இருப்பவர்கள் இந்த இரண்டாவது ஆளை நன்றாக அடையாளம் கண்டுவைத்திருப்பார்கள். அவருக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பேண்ட்கேம்பில் ஒரு வேடிக்கை உண்டு. கலைஞரின் இடத்தில் ஏதோ மங்கலான படம். ஆனால் ஆல்பம் அட்டைக்குக் கீழே, காசு கொடுத்து வாங்கியவர்களின் படங்கள் வரிசையாக நிற்கும். சிலர் பிடித்த டிராக்கைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதியிருப்பார்கள். மேடையில் இருட்டு, அவையில் விளக்கு. முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள். அதில் ஐந்தாறு பேர் உங்களுடைய எல்லா ஆல்பத்திலும் தென்படுவார்கள். இவர்களைத்தான் நீங்கள் சம்பாதிக்க வேண்டும்.

ஏனென்றால் உங்கள் இசையைக் காப்பாற்றப்போவதும் இவர்கள்தான். 2003 முதல் 2015 வரை மைஸ்பேஸில் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டன என்று 2019இல் தெரியவந்தது. சுமார் 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டுகள். பிறகு அதில் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் மட்டும், முன்பே யாரோ இறக்கி வைத்திருந்ததால் இன்டர்நெட் ஆர்கைவுக்கு வந்து சேர்ந்தது. பெயர் தெரிந்த கலைஞர் என்றால் அவரையே பிடித்து "உங்ககிட்ட காப்பி இருக்கா?" என்று கேட்கலாம். பெயர் தெரியாதவரை எங்கே போய்த் தேடுவது? திடீரென்று ஒருநாள் கணக்கையே அழித்துவிட்டுப் போகிறவர்கள் இந்த வட்டத்தில் ஏராளம். அவர்கள் இசை இன்றும் கேட்கக் கிடைக்கிறதென்றால், எங்கோ ஒருவரின் ஹார்ட் டிஸ்கில், டிராக் பெயர்கள் சரியாகப் போட்டு, அட்டைப் படத்தோடு ஒரு ஃபோல்டர் இருந்ததுதான் காரணம். வேண்டுமென்றே அழித்ததைத் திரும்ப ஏற்றலாமா என்பது தனிச் சண்டை. நான் வைத்துக்கொள்வேன், ஏற்ற மாட்டேன்.

நம்மிடம் இது புதிதும் இல்லை. குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீர் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் தொலைந்துபோனது. தொகுத்தவர்கள் அந்த வரியையே எடுத்து அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர் வைத்தார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாம் அதே கதைதான். பாட்டைக் காப்பாற்றியவர்கள் கையோடு பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

மதிப்பார்களா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் "படிக்கும்போது கேட்க", "தூங்கப்போகும் முன்" மாதிரியான பிளேலிஸ்டுகளில் வரும் பெயர்களில் பலவற்றுக்குப் பின்னால் கலைஞர் என்று யாரும் இல்லை. ஸ்வீடன் நாட்டு இசையமைப்பாளர் ஒருவர் மட்டும் 650க்கும் மேற்பட்ட பெயர்களில் இசையை இறக்கியிருக்கிறார் என்று 2024இல் அந்த ஊர் நாளிதழ் எழுதியது. 2025இல் வெல்வெட் சன்டவுன் என்ற ராக் குழு மாதத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்கிற அளவுக்கு வந்து, பிறகு எல்லாம் ஏஐ என்று ஒத்துக்கொண்டது. ஆம்பியன்ட் செய்கிற முகமில்லாத புது ஆள் என்றாலே இப்போது "இது மனுஷனா?" என்ற சந்தேகம் வரும். உங்களுக்கும் வரும், கோபப்படாதீர்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தப் பெயருக்கு நேற்று என்று ஒன்று இருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முன்னால் சொதப்பிய ஒரு டிராக், அடுத்த ஆல்பத்தில் அதே சத்தம் தேறிவந்தது, நடுவில் ஆறு மாத மௌனம், கேட்டவருக்கு எப்போதோ எழுதிய ஒரு வரி பதில். 650 பெயர்களில் எதற்கும் இது இருக்காது, தேவையும் இல்லை. அதனால் ஒரு பெயரை எடுத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு புதுப் பெயர் என்று போவது ஆரம்பத்தில் ஜாலியாக இருக்கும். ஆனால் யாரும் உங்களைப் பின்தொடர முடியாது. பல பெயர் விளையாட்டை, ஒரு பெயர் நிலைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் கசியும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். யாரும் பெரிய துப்பறிவாளராக இருக்க வேண்டியதில்லை. எம்பி3 டேக்கில் 'ஆர்டிஸ்ட்' கட்டத்தில் சாஃப்ட்வேரைப் பதிவு செய்தபோது கொடுத்த உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். ஏற்றும் முன் திறந்து பாருங்கள். மொட்டை மாடியிலிருந்து எடுத்த அட்டைப் படத்தில் லொகேஷன் இருக்கும். தெருவில் பதிவு செய்த சத்தத்தைச் சேர்க்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கவனம்: பெரம்பூர் ஸ்டேஷன் அறிவிப்பைப் பின்னணியில் வைத்துவிட்டு ஊர் தெரியக் கூடாது என்றால் எப்படி? டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போனால் பாடலை உருவாக்கியவரின் உண்மைப் பெயரைக் கேட்பார்கள். அது கிரெடிட்ஸ் பகுதியில் போய் உட்கார்ந்துவிடும். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். தவிர, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு டிராக் 12 மாதத்தில் 1000 தடவையாவது ஓடினால்தான் காசே வரும். உங்கள் வகை இசைக்கு அங்கே அவசரமாகப் போய் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் ஆரம்பித்த பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுவிடுவார்கள். பணம் பேபால் வழியாக வரும். பேபாலுக்கு இந்தியாவில் பேன் எண், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். வருமான வரித் துறைக்கு நீங்கள் அநாமதேயராக இருக்க முடியாது, இருக்கவும் நினைக்காதீர்கள். வாங்குகிறவரின் ரசீதில் என்ன பெயர் தெரிகிறது என்பதை மட்டும் ஒரு நண்பரை வாங்கச் சொல்லிச் சரிபாருங்கள். உரிமை போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பெயர் இல்லாமலும் புனைபெயரிலும் வெளியான படைப்புக்கு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடப் பாதுகாப்பு தருகிறது. பின்னால் யார் என்று வெளிப்படுத்தினால் உங்கள் ஆயுளுக்குப் பிறகு 60 வருடம். புராஜெக்ட் ஃபைல்களை மட்டும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். நாளைக்கு யாராவது உங்கள் டிராக்கைத் தன்னுடையது என்றால் அதுதான் சாட்சி.

முதல் ஆல்பத்தை இலவசமாகவே போட்டுவிடலாம் என்பது என் யோசனை. விற்காத வரை பேபால் கணக்கே தேவையில்லை, ரசீதும் இல்லை, பெயரும் கசியாது. மாதம் 200 இலவச டவுன்லோடு வரை பேண்ட்கேம்ப் அனுமதிக்கும். அது தீர்ந்துபோகிற மாதம் ஒன்று வந்தால், அப்போது பேன் கார்டைத் தேடிக்கொள்ளலாம்.